சிபில் இல்லாத கடைக்காரருக்குக் கடன்: ஸ்கோரா, நேரடி விசாரணையா, யு.பி.ஐ. வரவா, உளவியல் தேர்வா?

பத்து வருடமாக டீக்கடை நடத்துகிறவர் ஒன்றரை லட்சம் கேட்டு வருகிறார். பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் சிபில் அறிக்கை எடுத்தால், வரலாறே இல்லை என்று வருகிறது. ஜி.எஸ்.டி. கிடையாது, கணக்கு நோட்டு கிடையாது, கடை வாடகை, வீடு அப்பா பெயரில். கொடுக்கலாமா, வேண்டாமா? சிறிய என்.பி.எஃப்.சி.களிலும் (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்) நகரக் கூட்டுறவு வங்கிகளிலும் கடன் பிரிவைப் பார்ப்பவர்களுக்கு இது தினசரிக் கேள்வி. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. “உளவியல் தேர்வு வைத்து ஆளை எடைபோட்டுத் தருகிறோம்” என்று மென்பொருள் நிறுவனங்கள் வந்து நிற்கின்றன. வாங்கலாமா?

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உளவியல் தேர்வுக்கு உண்மையான பயன் உண்டு, ஆனால் அது ஒரு குறுகிய வேலைக்குத்தான். எந்தப் பதிவும் இல்லாதவரை இரண்டாம் முறை பரிசீலிக்க அது உதவும். கடைக்குப் போய்ப் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது. வருடத்துக்குச் சில ஆயிரம் கடன்கள் கொடுக்காத நிறுவனத்துக்கு அந்தச் செலவு திரும்பி வரவும் வராது. ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

கடன் திரும்பாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கட்ட முடியாமல் போவது ஒன்று, கட்ட மனமில்லாமல் போவது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இந்த இரண்டில் எதை அளக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு வாங்கிய கருவிகள்தான் பல அலுவலகங்களில் தூசி படிந்து கிடக்கின்றன.

அடுத்து, பதிவு இல்லாதவரை அந்த முறை எட்டுமா? ஒரு கோப்புக்கு என்ன செலவு? (நிராகரித்த கோப்புகளின் செலவும் சேர்த்து.) எவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம்? கடன் மறுத்தால், வந்தவரிடம் காரணம் சொல்ல முடியுமா? கடைசியாக, இன்று தொடங்கினால் எப்போது பலன் தரும்?

| அளவுகோல் | சிபில் வகை ஸ்கோர் | நேரடி விசாரணை | யு.பி.ஐ., வங்கிக் கணக்கு | உளவியல் தேர்வு |
|---|---|---|---|---|
| எதை அளக்கிறது | பழைய கடனில் நடத்தை | கட்டும் திறன், கொஞ்சம் மனம் | கட்டும் திறன் | மனம், பழக்கம், வியாபாரப் புத்தி |
| பதிவு இல்லாதவர் | எட்டாது | எட்டும் | பாதி எட்டும் | எட்டும் |
| கோப்புக்கு ஆகும் செலவு | மிகக் குறைவு | அதிகம் | குறைவு | நடுத்தரம், ஆரம்பச் செலவு பெரிது |
| ஏமாற்ற | கடினம் | அதிகாரி துணை போனால் சுலபம் | சுழற்சி வரவு காட்டலாம் | பயிற்சி கொடுத்தால் சுலபம் |
| மறுப்புக்குக் காரணம் | சொல்லலாம் | தெளிவாகச் சொல்லலாம் | சொல்லலாம் | சொல்வது கஷ்டம் |
| பலன் தர | உடனே | ஆள் பழக சில மாதம் | உடனே | குறைந்தது ஒன்றிரண்டு வருடம் |

## கடன் தகவல் நிறுவன ஸ்கோர்

இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இதைத் தருகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஸ்கோர் 300 முதல் 900 வரை. வரலாறு இல்லாதவருக்கு ‘என்.ஹெச்.’ அல்லது மைனஸ் 1 என்று வரும். அதைக் கெட்ட ஸ்கோர் என்று படித்துக் கோப்பை மூடிவிடும் கிளைகள் இன்னும் இருக்கின்றன. அது கெட்ட ஸ்கோர் இல்லை, தகவல் இல்லை என்பதுதான் பொருள்.

மலிவு, வேகம், பொய் சொல்ல இடம் குறைவு. ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் எடுத்துப் பாருங்கள். ஆனால் நம் ஊர்க் கடைக்காரரின் பெரிய சுமை இதில் தெரியாது. தண்டல்காரரிடம் வாங்கியது, ஏலச்சீட்டை முன்கூட்டி எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருப்பது, மச்சானிடம் வாங்கிய கைமாற்று இவை எதுவும் அறிக்கையில் வராது. 780 ஸ்கோர் வைத்திருப்பவர் தினம் 500 ரூபாய் தண்டல் கட்டிக்கொண்டிருக்கலாம்.

பிழைகளும் உண்டு. அடைத்த நகைக்கடன் அடைக்காததாகக் காட்டும், ஒரே பெயர் உள்ள இன்னொருவரின் கடன் ஏறியிருக்கும். புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் கடன் கேட்டு வருபவரிடம் சொல்வது உங்கள் அதிகாரியின் வேலையில் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

## கடைக்குப் போய் விசாரிப்பது

பழைய முறை, செலவு பிடிக்கும் முறை. ஆனாலும் சரியாகச் செய்தால் இதற்கு இணை இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். “சரியாக” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“தினம் எவ்வளவு வியாபாரம்?” என்று கேட்டு, சொன்னதைப் படிவத்தில் எழுதிக்கொண்டு வருவது விசாரணை இல்லை. டீக்கடையில் கேட்க வேண்டியது பால் கணக்கு. தினம் 20 லிட்டர் பால் என்கிறார். லிட்டருக்குச் சுமார் 12 முதல் 15 டீ வரும். 14 என்று வைத்தால் 280 டீ, டீ 12 ரூபாய் என்றால் 3,360 ரூபாய். இப்போது சர்க்கரையைக் கேளுங்கள். டீக்குப் பத்து கிராம் என்றால் நாளுக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஆக வேண்டும். வாரத்துக்கு 20 கிலோ வாங்குகிறார் என்று மளிகைக் கடைக்காரர் சொன்னால் கணக்கு பொருந்துகிறது. 10 கிலோ என்றால் பாலைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். பால்காரரின் நோட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டால் டீயைப் பற்றி வேறு கேள்வியே வேண்டாம்.

வடை, பன், பிஸ்கட் சேர்த்து நாள் வரவு 5,000 என்று வந்தது என்று கொள்வோம். பால், சாமான், மாஸ்டர் சம்பளம், வாடகை, கேஸ், கரண்ட் போக நாளுக்கு 1,200 நிற்கிறது. மாதம் 26 நாள் வியாபாரம்: 31,200. வீட்டுச் செலவு 18,000. தண்டல் தினம் 200, அதாவது 5,200. மிச்சம் 8,000. மிச்சத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்ற விதியை வைத்தால் 4,000. 24 சதவீத வட்டியில் 24 மாதத்துக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தால் தவணை 7,931. தாங்காது. 75,000 கொடுத்தால் தவணை 3,965. அதுதான் இவருக்குச் சரியான கடன்.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. முதல் நாளே தண்டலை அடைத்துவிட்டால் மிச்சம் 13,200 ஆகிறது, 6,600 வரை தவணை தாங்கும். ஆனால் மூன்றாம் மாதம் மறுபடியும் தண்டல் வாங்குவாரா? பால் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. நேரடி விசாரணை நிற்கும் இடம் இது. அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம், சப்ளையருக்குச் சொன்ன நாளில் பணம் கொடுக்கிறாரா என்று கேட்கலாம். அதற்கு மேல் அதிகாரியின் அனுபவம்தான்.

செலவைப் பாருங்கள். அதிகாரிக்குச் சம்பளமும் பெட்ரோலும் சேர்த்து மாதம் 26,000, அவர் முழுதாக முடிக்கும் கோப்பு 65 என்றால், ஒன்றுக்கு 400 ரூபாய். பாதியை நிராகரித்தால், கொடுத்த கடன் ஒவ்வொன்றுக்கும் 800. முப்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு இது கனம், ஒன்றரை லட்சத்துக்குத் தாங்கும்.

மறைந்த செலவு இதைவிடப் பெரிது. அதிகாரி தனக்குத் தெரிந்த தெரு, தன் சாதி, தன்னைப்போலப் பேசுகிறவர் பக்கம் சாய்வார், தெரிந்தும் சாயலாம், தெரியாமலும் சாயலாம். கமிஷன் வாங்கிக்கொண்டு பால் லிட்டரைக் கூட்டி எழுதுபவரும் உண்டு. அவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பகுதியைப் பற்றிய அறிவும் அவரோடு போய்விடும். பத்தில் ஒரு கோப்பை வேறு கிளை ஆள் மறுபடி போய்ப் பார்ப்பது, வருடத்துக்கு ஒருமுறை பகுதியை மாற்றுவது, பால் கணக்கு போன்ற தொழில்வாரிக் குறிப்புகளை எழுதி வைப்பது என்ற மூன்றும் இல்லாமல் இந்த முறையை நம்பாதீர்கள்.

## யு.பி.ஐ., வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி.

பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் விற்பனை வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, சேவைக்கு 20 லட்சம். எனவே நாம் பேசும் கடைக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். யு.பி.ஐ. அப்படியில்லை, கீரை விற்பவரிடமும் க்யூ.ஆர். அட்டை இருக்கிறது. 2021 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாக, வாடிக்கையாளர் சம்மதம் கொடுத்தால் வங்கிக் கணக்கு விவரம் நேராக உங்களிடம் வந்துவிடும். திருத்திய பி.டி.எஃப். ஸ்டேட்மென்ட் தொல்லை இல்லை. ஆனால் ரிசர்வ் வங்கி போன்ற நிதித் துறை ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வருபவர்கள்தான் இதில் சேரலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இந்த வழி இல்லை.

படிக்கும்போது மொத்த வரவைப் பார்த்து மயங்க வேண்டாம். வெவ்வேறு ஆட்கள் எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள், சராசரித் தொகை எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்று பாருங்கள். 12, 24, 36 என்று வரும் கணக்கு டீக்கடையின் கணக்கு. மூன்றே பேர் 5,000, 5,000 ஆக அனுப்பி, அதே நாளில் பணம் வெளியே போயிருந்தால் அது கடனுக்காகச் சுழற்றியது.

கடையில் இரண்டு க்யூ.ஆர். ஒட்டியிருக்கும், ஒன்று மனைவியின் கணக்கு. ஒன்றை மட்டும் வாங்கிப் பார்த்தால் வியாபாரம் பாதியாகத் தெரியும். ரொக்கம் அதிகம் புழங்கும் தொழில்களில், குறிப்பாகக் காய்கறி, மீன், கட்டட வேலையில், இந்த முறை நல்ல ஆளைத் தள்ளிவிடும். திறமையான வழி, மாதத்துக்கு இவ்வளவு வந்தால்தான் கடன் என்று வைக்காமல், விசாரணையில் கிடைத்த கணக்கைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்துவது.

## உளவியல் தேர்வு

இதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு வளர்ச்சி மையத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து எண்டர்பிரனூரியல் ஃபைனான்ஸ் லேப் என்ற நிறுவனம் வளர்ந்தது. 2017இல் அது லெண்டோ என்ற இன்னொரு கடன் ஸ்கோர் நிறுவனத்துடன் இணைந்தது. 2012இல் பெருவின் பாங்கோ ஃபினான்சியேரோ வங்கியில் இந்தத் தேர்வை வைத்துப் பார்த்ததுதான் இன்றுவரை அதிகம் பேசப்படும் சோதனை. அதிலிருந்து வந்த முடிவுகளை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். கடன் வரலாறு உள்ளவர்களிடம், வழக்கமான ஸ்கோருக்குப் பிறகு இரண்டாவது சல்லடையாக வைத்தபோது அபாயம் குறைந்தது. வரலாறே இல்லாதவர்களிடம், அபாயம் கூடாமல் அதிகம் பேருக்குக் கடன் கொடுக்க முடிந்தது. உளவியல் தேர்வு மட்டும் போதும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை. விற்பனைக்கு வருபவர்கள் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கும். டேப்லெட்டிலோ கைப்பேசியிலோ அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை நடக்கும். ஒழுங்கு, நேர்மை, பொறுப்பேற்கும் குணம் பற்றிய கேள்விகள் வரும். “நீங்கள் நேர்மையானவரா?” என்று நேராகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால் “உங்கள் பஜாரில் பத்து வியாபாரிகளில் எத்தனை பேர் சப்ளையரை ஏமாற்றுவார்கள்?” என்பது போலச் சுற்றிக் கேட்பார்கள். இரண்டும் நல்ல குணமாக இருக்கும் இரண்டு வாக்கியங்களில் எது உங்களுக்கு அதிகம் பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இன்றே 5,000 வேண்டுமா, அடுத்த மாதம் 6,000 வேண்டுமா என்று கேட்டுப் பொறுமையை அளப்பார்கள். சில விநாடி எண்களைக் காட்டி மறைத்து, திரும்பச் சொல்லச் சொல்வார்கள். பதிலோடு சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தார், எத்தனை முறை மாற்றினார் என்பதும் பதிவாகும்.

எங்கே கெடுகிறது. முதல் இடம் சொந்தக் கிளைதான். மாத இலக்கு உள்ள ஊழியரோ கமிஷன் ஏஜென்டோ பக்கத்தில் உட்கார்ந்து, “இதை அழுத்துங்கண்ணே” என்று சொல்லிக்கொடுப்பார். ஒரே கிளையிலிருந்து ஒரே வரிசையில் பதில்கள் வருவது, முப்பது நிமிடத் தேர்வு எட்டு நிமிடத்தில் முடிவது, எல்லாத் தேர்வும் ஒரே இடத்தில் நடந்ததாகக் காட்டுவது என்ற மூன்றையும் வாரந்தோறும் பாருங்கள். மனைவி பெயரில் கடன், தேர்வை எழுதியது கணவர் என்பதும் சாதாரணமாக நடப்பதுதான். கேள்விகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிட்டால் தேர்வின் வேலை முடிந்தது. கேள்வி வங்கி பெரிதாக இருந்து, ஆளுக்கு ஆள் மாறி வர வேண்டும்.

இரண்டாவது, மாடலை, அதாவது பதில்களை வைத்து யார் கட்டுவார் என்று கணிக்கும் கணினிக் கணக்கை, பழக்கிய விதம். ஏற்கெனவே கடன் வாங்கியவர்களைக் கூப்பிட்டு, சும்மா ஒரு ஆய்வு என்று தேர்வு வைத்து, அதிலிருந்து மாடல் செய்வது வேகமான வழி. கடன் கிடைக்குமா என்ற பதற்றத்தில் எழுதும்போது அதே மனிதர் வேறு மாதிரி பதில் சொல்கிறார். ஆய்வுகளும் இதை உறுதி செய்திருக்கின்றன: பணயம் இல்லாத சூழலில் செய்த மாடல், பணயம் உள்ள இடத்தில் நன்றாக வேலை செய்வதில்லை. எனவே உண்மையான விண்ணப்பத்தின்போதே தேர்வு வைத்து, அந்தக் கடன்கள் எப்படி ஓடின என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பின் விலை. நம்பத்தக்க மாடலுக்குக் கட்டாமல் போன கடன்கள் குறைந்தது 200 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நான்கு கெடும் என்றால், 5,000 கடன் கொடுத்தாக வேண்டும். சராசரி ஒரு லட்சம் என்றால் 50 கோடி. மாதம் 100 கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு இதற்கே நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். வேறு நாட்டில் பழக்கிய மாடலை அப்படியே இறக்கினால் இந்தக் காத்திருப்பு இல்லைதான், ஆனால் அது நம் ஊர்க் கடைக்காரரை அளக்கிறதா என்பது தெரியாமலே பணம் போகும்.

மாடல் நன்றாக அமைந்து, கெடும் கடன் நூற்றுக்கு நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது என்று கொள்வோம். கெட்ட கடனில் 60 சதவீதம் போய்விடும் என்றால், ஒரு லட்ச ரூபாய்க் கடன் ஒவ்வொன்றுக்கும் மிச்சம் 600 ரூபாய். தேர்வுக் கட்டணமும் ஊழியர் நேரமும் சேர்த்து ஆளுக்கு 250, பாதிப் பேரை நிராகரிக்கிறீர்கள் என்றால், கொடுத்த கடனுக்கு 500. நிற்பது நூறு ரூபாய். சராசரிக் கடன் 30,000 ஆக இருந்தால் மிச்சம் 180தான், நஷ்டம். மூன்று லட்சமாக இருந்தால் மிச்சம் 1,800, நல்ல லாபம். உங்கள் எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அப்புறம் டெமோ பாருங்கள்.

தமிழில் வைக்கும்போது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த கேள்விகள் ஏட்டுத் தமிழில் இருக்கும். “நான் திட்டமிட்ட பணிகளை உரிய காலத்தில் நிறைவேற்றுவேன்” என்று படிக்கிறவர், அரசுப் படிவம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்திவிடுவார். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து படி வைத்தால் பதில்கள் ஒரே பக்கம் குவியும். பேச்சுத் தமிழில், ஒலி வடிவத்தோடு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விதமாக வைப்பதே உருப்படியான வழி. எண்களைத் திரும்பச் சொல்லும் பகுதி, பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஐம்பது வயதுப் பெண்ணைத் தள்ளிவிடும். அவர் இருபது வருடமாக ஒரு நாள் தவறாமல் குழுக் கடன் கட்டியவராக இருக்கலாம். அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள், அல்லது அதே வயது, அதே படிப்பு உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மறுப்பை எப்படிச் சொல்வது. எங்களுக்கு இதில்தான் பெரிய கவலை. “தவணை உங்கள் வருமானத்துக்குத் தாங்காது” என்றால் ஒருவர் புரிந்துகொண்டு குறைவாகக் கேட்பார். “உங்கள் குணம் சரியில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது” என்று ஒரு மனிதரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அது உண்மையாகவும் இருக்காது. ஸ்கோர் கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, தனி ஆளைப் பற்றி உறுதியாகச் சொல்வதில்லை. எனவே தேர்வு முடிவு கதவைத் திறக்க மட்டும் பயன்படட்டும். குறைந்த ஸ்கோர் வந்தால் தொகையைக் குறைத்து, தவணையை வாரத் தவணையாக்கி, ஆறு மாதம் பார்க்கலாம். அதை மட்டும் காரணம் காட்டிக் கோப்பை மூடக் கூடாது.

## யாருக்கு எது

மாதம் நூறு, இருநூறு கடன் கொடுக்கும், ஒரே மாவட்டத்தில் உள்ள நிறுவனம் உளவியல் தேர்வை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு நல்ல அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுங்கள், யு.பி.ஐ. கணக்கைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

பல மாவட்டங்களில், சராசரி ஒன்றரை லட்சத்துக்கு மேல், மாதம் ஆயிரத்துக்கு மேல் கொடுப்பவர்கள், விண்ணப்பதாரர்களில் பெரும்பகுதி வரலாறு இல்லாதவர்கள் என்றால் வைத்துப் பார்க்கலாம். முதல் வருடம் முடிவெடுக்க அதைப் பயன்படுத்தாமல், எல்லோருக்கும் தேர்வு வைத்து ஸ்கோரைப் பூட்டி வையுங்கள். வருடக் கடைசியில் குறைந்த ஸ்கோர்க்காரர்கள் உண்மையிலேயே அதிகம் தவறினார்களா என்று பாருங்கள். தேர்வு அந்தச் சோதனையைத் தாண்டினால் மட்டும் அடுத்த அடி.

ரொக்கம் புழங்கும் தொழில், பெயரில் சொத்தில்லாத பெண்கள், ஊர் மாறி வந்து கடை போட்டவர்கள் இவர்களிடம் தேர்வுக்கு அதிக மதிப்பு உண்டு, ஏனென்றால் மற்ற மூன்று முறைகளும் இவர்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. எத்தியோப்பியாவில் உலக வங்கி ஆதரவுடன் நடந்த பெண் தொழில்முனைவோர் திட்டத்தில், நிலப் பிணைக்குப் பதிலாக இப்படிப்பட்ட தேர்வை வைத்தது இதே காரணத்துக்காகத்தான்.

‘நிதி’ (Nidhi) என்ற வகைக் கம்பெனிகளுக்கு (நிதி விதிகள் 2014இன் கீழ் வருபவை) இந்தக் கேள்வியே எழாது. நகை, சொத்து, வைப்புத்தொகை போன்ற பிணையின் பேரில் உறுப்பினருக்கு மட்டுமே அவை கடன் கொடுக்கலாம்.

## விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவை

- மாடல் எந்த நாட்டில், எத்தனை கடனில், எத்தனை கெட்ட கடனில் பழகியது? தமிழில் வைத்த தேர்வின் முடிவுகள் தனியாக உண்டா?
- பெண்கள், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், எட்டாம் வகுப்புக்குக் கீழே படித்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தால் எத்தனை பேர் தேறுகிறார்கள்?
- செயலி கைப்பேசியில் எதையெல்லாம் கேட்கிறது? தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள் ஆகியவற்றை எடுக்க ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் அனுமதிப்பதில்லை. கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.
- கட்டணம் தேர்வுக்கா, கொடுத்த கடனுக்கா? இரண்டாவதாக இருந்தால் மேலே போட்ட கணக்கில் 500 என்ற எண் குறையும்.
- ஒப்பந்தம் முடிந்தால் பதில்கள் யாரிடம் இருக்கும், எத்தனை நாளில் அழிக்கப்படும்? வாடிக்கையாளர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் என்ன செய்வார்கள்? வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தகவல் கசிந்தால் கடைக்காரர் வந்து நிற்பது உங்கள் கிளை வாசலில்தான்.